இடது தோள் ஏன் நனைந்தது?

நவம்பர் 18, திங்கள்

ஜனவரியில் காப்பீட்டு ஏஜெண்ட் ஒருவர் கொடுத்த டைரி இது. பத்தரை மாதம் அலமாரியில் சும்மா கிடந்தது. இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இலக்கிய ஆர்வம் இல்லை. மதியம் ஆசிரியர் அறையில் பூங்கோதை டீச்சர், பிள்ளைகளை நாட்குறிப்பு எழுதச் சொல்கிறோமே, நம்மில் யாராவது எழுதுகிறோமா என்று பொதுவாகக் கேட்டார். நான் பதினைந்து வருடமாக எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பொய்யை உண்மையாக்கும் கடமை ஆசிரியனுக்கு உண்டு. பதினைந்து வருடத்தில் இன்று முதல் நாள்.

முறைப்படி தொடங்குகிறேன். பெயர் இரா. கலியபெருமாள். வயது நாற்பத்தாறு. சீர்காழிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியர். ஒன்பதாம் வகுப்பு அ பிரிவு எனக்கு. ஆ பிரிவு பூங்கோதை டீச்சருக்கு. வீட்டில் நானும் அம்மாவும். கல்யாணம் ஆகவில்லை. மூன்று தங்கைகளையும் கரையேற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது எனக்கு நாற்பது ஆகியிருந்தது. அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. இதை இங்கே எழுத வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் பேனாவால் எழுதிவிட்டேன், அடித்தால் பக்கம் அசிங்கமாகிவிடும்.

மழை பிடித்துக்கொண்டது. புதுக் குடை வாங்கினேன். கடையில் இருந்ததிலேயே பெரியது, மரக் கைப்பிடி. ஒரு ஆளுக்கு எதற்கு சார் இவ்வளவு பெரிசு என்றார் கடைக்காரர். மழை பெரிசய்யா என்றேன். இதைப் பூங்கோதை டீச்சரிடம் சொன்னேன். சிரித்தார்.

நவம்பர் 19, செவ்வாய்

மழை. டீச்சர் குடை கொண்டுவரவில்லை. இருவருக்கும் ஒரே வழி என்பதால் பஸ் நிறுத்தம் வரை சேர்ந்து போனோம். வேறு விசேஷம் இல்லை.

நவம்பர் 21, வியாழன்

கவிதை நடத்துவது எப்படி என்று இன்று ஒரு வாக்குவாதம்.

என் வகுப்புச் சுவரில் ஓர் அட்டை தொங்குகிறது. எந்தக் கவிதை வந்தாலும் ஐந்து படி: சுருக்கம், கருப்பொருள், அணி, எதுகை, நீதி. படியேறினால் மதிப்பெண். ‘கவிஞர் மிக அழகாகக் கூறுகிறார்’ என்று தொடங்கினால் அரை மதிப்பெண் நிச்சயம் என்று என் பிள்ளைகள் நம்புகிறார்கள். நம்ப வைத்தவன் நான்தான். இருபது வருடமாக இந்த முறையில் யாரும் கவிதையால் தோற்றதில்லை.

பூங்கோதை டீச்சர் அட்டை எதுவும் மாட்டுவதில்லை. கவிதையை மூன்று தடவை மெதுவாகப் படிக்கிறார். பிறகு மூன்று கேள்வி. யார் பேசுகிறார்? யாரிடம் பேசுகிறார்? எதைச் சொல்லாமல் விடுகிறார்? மூன்றாவது கேள்விக்குப் பிள்ளைகள் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார். பக்கத்து வகுப்பில் எனக்குச் சத்தம் தாங்கவில்லை.

சொல்லாததற்கு எப்படி மதிப்பெண் போடுவீர்கள் என்று கேட்டேன். சொன்னதுக்கு எல்லாருமே போடறாங்களே சார் என்றார். கரூர்க்காரர். எதையும் ‘ங்க’ போட்டு மரியாதையாகச் சொல்வார். சொன்னது வலிக்கும்போதுதான் அது மரியாதை இல்லை என்று புரியும்.

நவம்பர் 22, வெள்ளி

தலைமையாசிரியர் செங்குட்டுவன் கூப்பிட்டார். பள்ளியில் கையெழுத்து அழகு எனக்கு என்பதால் படிவம் எது வந்தாலும் என் தலையில்தான் விழும். இன்று வந்தது மனமொத்த மாறுதல் படிவம். இரண்டு ஊர் ஆசிரியர்கள் தங்களுக்குள் சம்மதித்து இடத்தை மாற்றிக்கொள்வது அது. கரூரில் ஒருவர் இந்தப் பக்கம் வர ஆசைப்படுகிறாராம். இங்கிருந்து போகிறவர் பெயர் என்ற இடத்தில் பூங்கோதை டீச்சரின் பெயர்.

அவருடைய கணவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. மயிலாடுதுறையில் தனியாக வாடகை வீட்டில் இருக்கிறார். கரூரில் இருக்கும் அக்கா, ஏன் தனியாகக் கிடக்கிறாய், இங்கே வந்துவிடு என்று போனில் நச்சரித்துக்கொண்டே இருக்கிறாராம். நியாயமான விஷயம்தான்.

டிசம்பர் இருபதுக்குள் டீச்சர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஜனவரியில் போய்விடலாம். மற்ற கட்டங்களை நான் நிரப்பினேன். ‘மாறுதல் கோரும் பள்ளி’ என்ற கட்டத்தில் கைதவறி எங்கள் பள்ளியின் பெயரையே எழுதிவிட்டேன். இரண்டாவது படிவத்திலும் அப்படியே ஆயிற்று. மூன்றாவதில்தான் சரியாக வந்தது. இருபது வருடக் கைப்பழக்கம்.

நவம்பர் 26, செவ்வாய்

பேய்மழை. இன்றும் பஸ் நிறுத்தம் வரை. பஸ் அரை மணி நேரம் தாமதம். பேச்சு பிள்ளைகளைப் பற்றி, பாடத்தைப் பற்றி. கரூரைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சட்டையின் இடது பக்கம் முழுக்க நனைந்துவிட்டது. காற்று.

நவம்பர் 27, புதன்

ஜுரம். விடுப்பு.

நவம்பர் 28, வியாழன்

ஜுரம் விடவில்லை. அம்மா மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார். இவ்வளவு பெரிய குடை வாங்கியும் ஒரு பக்கம் மட்டும் எப்படி நனைந்தது என்று கேட்டார். காற்று என்றேன். பஸ் நிறுத்தத்தில் உன்னைப் பார்த்ததாக மளிகைக் கடைக்காரர் சொன்னாரே, நம் வீடு பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில் இருக்கும்போது அங்கே உனக்கு என்ன வேலை என்று கேட்டார். நடைப்பயிற்சி என்றேன்.

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற வயசாடா இது?” என்றார் அம்மா.

கஷாயம் அதிகக் காரம்.

என் வகுப்பை இரண்டு நாளும் பூங்கோதை டீச்சர் பார்த்துக்கொண்டாராம். என் பிள்ளைகளிடமும் அந்த மூன்று கேள்வியை ஏற்றியிருப்பார். போனதும் அட்டையைத் துடைத்து மாட்ட வேண்டும்.

டிசம்பர் 2, திங்கள்

ஒன்பதாம் வகுப்பு அரையாண்டு ஆங்கிலக் கேள்வித்தாளைத் தயாரிப்பது இந்த முறை நான். பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு கவிதையைக் கொடுத்து, படித்து நயம் பாராட்டச் சொல்ல வேண்டுமாம். விடைக்குறிப்பும் நானே எழுதி, உறை ஒட்டிக் கொடுக்க வேண்டும்.

நூலகத்தில் தேடினேன். நல்ல கவிதைக்கெல்லாம் கோனார் காலத்திலிருந்து யாரோ ஒருவர் நோட்ஸ் போட்டு வைத்திருக்கிறார். நோட்ஸ் இல்லாதவை நோட்ஸ் போடும் தகுதி இல்லாதவை. யாரும் எங்கும் பார்த்திராத கவிதை ஒன்று வேண்டும்.

டிசம்பர் 3, செவ்வாய்

கிடைத்துவிட்டது. கிடைத்தது என்ன, நானே எழுதினேன். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கணக்கு வாத்தியார் கணக்கைத் தானே போடுவதில்லையா? கையில் பொருள் எதுவும் அகப்படாததால் மூலையில் சாத்தியிருந்த குடையைப் பற்றி எழுதினேன். அடியில் ‘எழுதியவர் பெயர் தெரியவில்லை’ என்று போட்டேன். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

என் குடை பெரியது.
ஒருவருக்கு எதற்கு இவ்வளவு என்றார் கடைக்காரர்.
மழை பெரிது என்றேன்.
மழை வந்தது. பாதைதான் சிறியது.
குடையில் ஓட்டை இல்லை, கம்பி வளையவில்லை.
என் இடது தோள் நனைந்தது.
பேருந்து வந்தது. குடை இன்னும் பெரிதாயிற்று.
நாளை மழை இல்லை என்கிறது வானொலி.
வானொலி எப்போதும் சரியாகச் சொல்வதில்லை.

விடைக்குறிப்பு பத்து நிமிடத்தில் முடிந்தது. கருப்பொருள்: மழைக்காலமும் முன்னெச்சரிக்கையும். அணி: குடை பெரிதாயிற்று என்பது உயர்வு நவிற்சி. நீதி: வருமுன் காத்தல். வினா 33, கவிஞரின் இடது தோள் ஏன் நனைந்தது? இரண்டு மதிப்பெண். விடை: பலத்த காற்று வீசியதால்.

உறையை ஒட்டிவிட்டேன். சுலபமான கவிதை. பிள்ளைகள் பிழைத்துக்கொள்வார்கள்.

டிசம்பர் 6, வெள்ளி

படிவம் இன்னும் தலைமையாசிரியர் மேசையில் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் இருக்கிறது. கையெழுத்து ஆகவில்லை. சுண்ணக்கட்டி எடுக்கப் போனபோது தற்செயலாகப் பார்த்தேன். நான்கு தடவை.

டிசம்பர் 11, புதன்

ஆங்கிலத் தேர்வு. அ பிரிவு அறையில் மேற்பார்வை பூங்கோதை டீச்சர். வராந்தாவில் போகும்போது பார்த்தேன். கேள்வித்தாளை நின்றபடியே படித்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போதும் அதே பக்கம்தான். மூன்று தடவை படிக்கிற வழக்கம்தானே.

தேர்வு முடிந்ததும், பாட்டு நன்றாக இருந்தது, எங்கிருந்து எடுத்தீர்கள் என்றார். பழைய தொகுப்பு ஒன்றிலிருந்து என்றேன். அந்தக் கடைக்காரர் நம் ஊர்க் கடைக்காரர் மாதிரியே பேசுகிறாரே என்றார். கடைக்காரர்கள் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான் என்று விளக்கினேன். சமாளித்துவிட்டேன் என்றே நினைக்கிறேன்.

இன்று மழை இல்லை. அவர் தனியாகப் போனார்.

டிசம்பர் 12, வியாழன்

மழை இல்லை.

டிசம்பர் 13, வெள்ளி

இல்லை. டெல்டாவில் மார்கழி நெருங்கும் நேரத்தில் இப்படி வெயில் அடிப்பது பயிருக்கு நல்லதில்லை.

டிசம்பர் 16, திங்கள்

விடைத்தாள் திருத்தம். எங்கள் பள்ளியில் ஒருவர் வகுப்பை மற்றவர் திருத்த வேண்டும். ஆ பிரிவு என்னிடம், என் அ பிரிவு பூங்கோதை டீச்சரிடம். போன வருடம் ஆளுக்கு ஒரு மாதிரி மதிப்பெண் போட்டு ஒரு பெற்றோர் வந்து சத்தம் போட்டதிலிருந்து தலைமையாசிரியர் ஒரு சட்டம் வைத்திருக்கிறார். விடைக்குறிப்பில் உள்ளதுதான் விடை. மாற்றுவதென்றால் கேள்வித்தாள் தயாரித்தவரே காரணத்தோடு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். திருத்துகிறவரும் படித்துப் பார்த்துக் கீழே கையெழுத்துப் போட வேண்டும்.

மூன்று மணிக்கு டீச்சர் ஒரு விடைத்தாளோடு என் மேசைக்கு வந்தார். அஃப்ரின், என் வகுப்புப் பெண்தான். ஆங்கிலத்தில் இதுவரை ஒரு தேர்விலும் தேறாதவள். இந்த முறை முப்பத்து மூன்று. தேற முப்பத்தைந்து வேண்டும்.

வினா 33க்கு அவள் எழுதியிருப்பதைக் காட்டினார். நொண்டி ஆங்கிலம், ஒரு வாக்கியம்கூட நேராக நிற்கவில்லை. சாரம் இது: குடை பெரியது. ஓட்டை இல்லை. அப்படியும் ஒரு தோள்தான் நனைகிறது. அதனால் குடை சாய்ந்திருக்கிறது. இவருக்கு வலது பக்கத்தில் ஒருவர் நடந்து வருகிறார். அவர் நனையக் கூடாது என்று இவர் நனைகிறார். பஸ் வந்ததும் அவர் போய்விட்டார். அதனால்தான் குடை பெரிதாகிவிட்டது. நாளைக்கு மழை வர வேண்டும் என்று இவர் ஆசைப்படுகிறார். அந்த ஒருவரைப் பற்றி இவர் எழுதவே இல்லை. அதைத்தான் சொல்லாமல் விடுகிறார்.

படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். விடைக்குறிப்பில் காற்று என்றுதான் இருக்கிறது என்றேன்.

“பாட்டுல காத்தே இல்லீங்களே சார்.”

மழை என்றால் காற்று இருக்கத்தானே செய்யும் என்றேன்.

“இல்லாத காத்தை நாமளா சேர்த்துக்கலாம்னா, பக்கத்துல ஒரு ஆளையும் சேர்த்துக்கலாமுங்களே.”

எழுதியவர் யாரென்று தெரிந்தால் கேட்டுவிடலாம், பெயர் தெரியவில்லை என்று போட்டிருக்கிறதே என்று இழுத்தேன். அவர் விடைத்தாளை மடித்தார். தெரியாதவராக இருந்தால் பரவாயில்லை, இங்கேயே இருந்துகொண்டு சொல்லாமல் இருந்தால்தான் சங்கடம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொதுவாகத்தான் சொல்லியிருப்பார்.

டிசம்பர் 17, செவ்வாய்

ஆ பிரிவின் விடைகளைத் திருத்தினேன். வினா 33 மட்டும் ஒரு திருவிழா. குடை மட்டமான சரக்கு என்று ஒருவன். கவிஞர் ஏழை, பாதிக் குடைதான் வாங்க முடிந்தது என்று ஒருவன். இடது தோளில் ஆடு படுத்திருந்தது என்று ஒருவன். எந்த ஆடு, எங்கிருந்து வந்தது என்ற விவரம் இல்லை. ஆறு பேர் காற்று என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஆறையும் திருத்தும்போது எனக்கு ஏனோ எரிச்சல் வந்தது. சரியான விடைகள்தான். முழு மதிப்பெண் போட்டேன்.

மதியம் பூங்கோதை டீச்சரிடம் சமாதானமாக ஒரு யோசனை சொன்னேன். விடைக்குறிப்பில் கை வைக்க வேண்டாம். அஃப்ரினின் கட்டுரையைக் கொஞ்சம் தாராளமாகப் பார்த்தால் அங்கே இரண்டு மதிப்பெண் தேறும். பெண் தேறிவிடுவாள், யாருக்கும் தொந்தரவு இல்லை. நல்ல யோசனை என்றே நினைத்தேன்.

அவர் முகம் மாறிவிட்டது.

“பிச்சை மார்க்கெல்லாம் அந்தப் புள்ளைக்கு வேண்டாமுங்க சார். அது சரியாத்தான் எழுதியிருக்குது. சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்.”

அதன்பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

டிசம்பர் 18, புதன்

அஃப்ரினைக் கூப்பிட்டு, மதிப்பெண் பற்றி எதுவும் சொல்லாமல், அந்த விடையை எப்படி எழுதினாய் என்று மட்டும் கேட்டேன். தப்பா சார் என்றாள். இல்லை, சும்மா கேட்கிறேன் என்றேன். பூங்கோதை டீச்சர் வந்த அன்று மூன்று கேள்வி சொல்லிக்கொடுத்தாராம். மூன்றாவது கேள்வி அவளுக்குப் பிடித்துவிட்டதாம். பிறகு தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் அப்பாவை அத்தா என்பார்கள்.

“எங்க அத்தா என்னைக் கொண்டாந்து விடுறப்ப அவரு பக்கந்தான் நனையும் சார். கேட்டா, குடை ஓட்டைன்னுவாரு. ஓட்டையே இருக்காது. இந்தப் பாட்டு எழுதுனவரும் எங்க அத்தா மாதிரியே பொய் சொல்றாரு சார்.”

போய் உட்காரம்மா என்றேன். ஐந்து படி அட்டை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. இது நிஜக் காற்று.

மாலையில் வீட்டில் இந்த டைரியை முதலிலிருந்து படித்தேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்குத் தோள்கூடத் தெரியவில்லை. ஒரு மாதமாக நான் எழுதி வைத்திருப்பதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை எவன் கையிலாவது கொடுத்து, இவர் எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று கேட்டால், ஆடு என்று எழுதியவன்கூடச் சரியாகச் சொல்லிவிடுவான்.

டிசம்பர் 19, வியாழன்

எனக்குப் பூங்கோதை டீச்சரைப் பிடித்திருக்கிறது. அவர் கரூருக்குப் போகக் கூடாது. குடை வாங்கும்போதே எனக்குத் தெரியும்.

பேனாவால் எழுதிவிட்டேன்.

இப்போது என்ன செய்வது? இருபது வருடமாக அடுத்தவர் கவிதைக்கெல்லாம் விடை சொன்னவன் நான். என் கவிதைக்கு என் விடை தப்பு. அதைத் திருத்தினால் அஃப்ரின் தேறுவாள். நான் நாற்பத்தாறு வயதில் ஊர் சிரிக்க நிற்பேன். திருத்தாவிட்டால் மரியாதையாக இருக்கலாம். சரியாக எழுதிய பெண் தோற்றாள் என்று ஒவ்வொரு மழைக்கும் ஞாபகம் வரும். நாளை டிசம்பர் இருபது. படிவத்துக்கும் மதிப்பெண் பட்டியலுக்கும் அதுதான் கடைசி நாள்.

அம்மாவிடம் சொன்னேன். பருப்பைக் கடைந்துகொண்டே கேட்டார். ஆச்சரியப்படவே இல்லை. அந்தப் பெண் வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வாய் என்று மட்டும் கேட்டார். அப்போதும் அஃப்ரினுக்கு இரண்டு மதிப்பெண் கிடைக்கும் என்றேன். அப்படியானால் எழுது என்றார்.

டிசம்பர் 20, வெள்ளி

பள்ளிக்கு அரை மணி நேரம் முன்பே போனேன். பிழை இல்லாமல், ஒரே தாளில், என் நல்ல கையெழுத்தில் எழுதினேன்.

‘விடைக்குறிப்புத் திருத்தம். வினா 33. சரியான விடை: கவிஞரின் வலது பக்கத்தில் ஒருவர் நடந்து வந்தார், அவர் நனையாமல் இருக்கக் குடை அந்தப் பக்கம் சாய்க்கப்பட்டது. இரண்டு மதிப்பெண். காற்று என்று எழுதியவர்களுக்கு ஒரு மதிப்பெண். காரணம்: கவிதையை எழுதியவர் நான். முதலில் கொடுத்த விடை உண்மை இல்லை. இரா. கலியபெருமாள்.’

ஒரு மதிப்பெண் குறைவதால் யாரும் தோற்கவில்லை என்பதைச் சரிபார்த்துவிட்டேன்.

தலைமையாசிரியர் வழக்கமாக எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர். இன்று பார்த்துப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். அதில் திருத்த வேண்டியது எதுவும் இல்லை, ஆனால் இதைக் கோப்பில் எந்தத் தலைப்பில் வைப்பது என்றுதான் தெரியவில்லை என்றார். பிறகு பூங்கோதை டீச்சரைக் கூப்பிட்டனுப்பினார். நான் எழுந்து போகலாமா என்று கேட்டேன். நீங்கள் தயாரித்த கேள்விதானே, உட்காருங்கள் என்றார்.

டீச்சர் நின்றபடியே படித்தார். மூன்று தடவை. அவர் பழக்கம் தெரிந்திருந்தும் இரண்டாவது தடவைக்குப் பிறகு என்னால் தாங்க முடியவில்லை, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். கீழே கையெழுத்துப் போட்டார். அப்புறம் தலைமையாசிரியரிடம் இல்லாமல் என்னிடம் கேட்டார்.

“பக்கத்துல வந்தது யாருன்னு விடைக்குறிப்புல போடலீங்களே சார்?”

அதற்கு விடை எழுத வேண்டியது நான் இல்லை, டீச்சர் என்றேன். அந்த ஒரு வரியை நான் முன்கூட்டி யோசித்து வைத்திருக்கவில்லை. அதுவாக வந்தது.

அவர் கண்ணாடிக் குண்டை நகர்த்தி, அடியில் இருந்த மாறுதல் படிவத்தை எடுத்தார். இன்றுதானே கடைசி நாள், கையெழுத்துப் போட்டுவிடுகிறீர்களா என்று தலைமையாசிரியர் கேட்டார்.

“இவ்வளவு அழகா எழுதியிருக்கிற தாள்ல நான் எதுக்குங்க சார் கிறுக்கணும்? அக்காகிட்ட நான் பேசிக்கறேன்.”

படிவத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார். கரூர் ஆசிரியருக்கு என்ன பதில் சொல்வது என்று தலைமையாசிரியர் என்னைக் கேட்டார். இதற்கும் நான்தான் எழுதித்தர வேண்டுமா என்றேன்.

மதியம் மதிப்பெண் பட்டியல் ஒட்டினோம். அஃப்ரின், முப்பத்தைந்து. அவள் பட்டியலில் விரலை வைத்துக்கொண்டு நகராமல் நின்றாள். பின்னால் நின்ற பிள்ளைகள் தள்ளியும் விரலை எடுக்கவில்லை.

நான்கு மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வானொலி என்ன சொல்லியிருந்ததோ தெரியாது. தூறல் பெருமழையானது. நான் குடையோடு வாசலில் நின்றேன். டீச்சர் வந்தார். அவர் கைப்பையில் ஒரு சின்ன மடக்குக் குடை இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். புதிதாகவும் இல்லை. எப்போதிலிருந்து இருக்கிறது என்று கேட்டேன். கேள்விக்குப் பதில் சொல்லாமல் என் கையிலிருந்த பெரிய குடையை வாங்கி, இன்றைக்கு நான் பிடிக்கிறேன் என்றார்.

பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். முதல் பஸ் வந்தது, கூட்டமாக இருக்கிறது என்றார். அடுத்தது காலியாக வந்தது, அதையும் விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்க வரட்டுமா என்று கேட்டார். வீடு பள்ளிக்குப் பின்தெருவில்தான் என்று உண்மையைச் சொன்னேன். தெரியுமுங்க, முதல் நாளே தெரியும் என்றார்.

மூன்றாவது பஸ்ஸில் ஏறினார். படியில் நின்றபடி குடையை என்னிடம் நீட்டும்போதுதான் கவனித்தேன். என் சட்டையில் ஒரு சொட்டுகூட ஈரம் இல்லை. அவருடைய வலது தோள் முழுக்க நனைந்து, சேலை ஒட்டிக்கொண்டிருந்தது.

ஏன் நனைந்துவிட்டது என்று கேட்டேன்.

“காத்துங்க,” என்றார்.

எதிரே இருந்த புங்கமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. திருத்திய விடைக்குறிப்பின்படி அந்த விடைக்கு ஒரு மதிப்பெண்தான். நான் இரண்டும் போட்டேன்.